புயலுக்குப் பிறகு: கடலோரக் குப்பத்தில் ஊழியக் குடும்பம் நடத்துவது எப்படி?

கடலூர், புதுச்சேரிக் கடற்கரைக்குக் கிறிஸ்தவ ஊழியம் செய்ய வரும் குடும்பங்களுக்குப் பிரசங்கம் செய்யவும், வீடு சந்திக்கவும், கணக்கு எழுதவும் முன்னதாகவே சொல்லித் தந்துவிடுகிறார்கள். ஆனால் கூரை பறந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, சபைக் கட்டடத்தில் படுத்திருக்கும் எட்டுக் குடும்பங்களுக்கு எப்படிக் கஞ்சி காய்ச்சுவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, எங்களுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பிறகு 2020-ல் நிவர் வந்தது. 2024-ல் ஃபெஞ்சல் வந்தது. இந்த மூன்றையும் இதே கரையில், இரண்டு வெவ்வேறு குப்பங்களில் இருந்து கடந்ததில் கற்றவற்றை, புதிதாக வரும் ஊழியக் குடும்பங்களுக்காக, குறிப்பாக வீட்டுப் பொறுப்பைச் சுமக்கப்போகும் பெண்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, நீங்களும் புயலில் அடிபட்ட ஒரு வீட்டுக்காரர்தான் என்பது. தானே அடித்த மறுநாள் நான் ஈரப் புடவையோடு வாளி வாளியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு ஆயா ஒரு தூக்கில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து என் கையில் திணித்தார். நான் வேண்டாம் என்றேன். “எங்க வூட்டு ஓலை மட்டுமா போச்சு? உன் வூட்டு ஷீட்டும்தான போச்சு. மொதல்ல சாப்டும்மா” என்றார். அன்றுவரை அந்தத் தெருவுக்கு நாங்கள் கொடுக்க வந்தவர்களாகவே இருந்தோம். அந்தத் தூக்கை வாங்கிய பிறகுதான் தெருவில் ஒரு வீடானோம். ஆகவே யாராவது உங்கள் கூரையில் ஏறித் தார்ப்பாய் கட்டித் தருகிறேன் என்றால், மறுக்காமல் ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காற்று அடங்கிய முதல் சில மணி நேரம்

காற்று சட்டென்று நின்றால் புயல் போய்விட்டது என்று கதவைத் திறக்காதீர்கள். புயலின் கண் உங்கள் ஊருக்கு மேலே வந்திருந்தால், சிறிது நேர அமைதிக்குப் பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும். முதல் காற்றில் ஆட்டங்கண்ட சுவரும் மரமும் இரண்டாவது காற்றில்தான் விழும். எத்தனாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், அதை எப்போது இறக்கினார்கள் என்பதை துறைமுகப் பக்கத்து மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு வெளியே வாருங்கள்.

வெளியே வந்ததும் பெருக்கத் தொடங்காதீர்கள். பெண்களுக்குக் கை தானாக விளக்குமாற்றைத் தேடும் என்பதை நான் அறிவேன். ஆனாலும் சேதத்தைத் துடைத்து எடுப்பதற்கு முன், வீட்டின் நான்கு பக்கத்தையும், உடைந்த ஷீட்டையும், உள்ளே நின்ற தண்ணீரின் தடத்தையும் கைபேசியில் படம் எடுத்துவைக்க வேண்டும். தெருவில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலர் சில நாட்கள் கழித்துத்தான் வந்து சேருவார்; அதற்குள் வீட்டைக் கூட்டி மெழுகிவிட்டவருக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. படகும் வலையும் சேதமாகியிருந்தால், பதிவு எண் தெரியும்படி படகையும் அதன் அருகில் வலையையும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஈரமான மீட்டர் பெட்டியை யாரும் தொடக் கூடாது; அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று எவர் சொன்னாலும் நம்பக் கூடாது. தமிழ்நாட்டில் மின்சாரப் புகாருக்கு 94987 94987 என்ற மின்னகம் எண்ணும், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ம், ஆம்புலன்ஸுக்கு 108-ம் உண்டு. இவற்றைக் கரிக்கட்டியால் சபைச் சுவரில் எழுதிவையுங்கள். கைபேசியில் உள்ள எண், சார்ஜ் தீர்ந்ததும் அதனோடு போய்விடும். பாம்பும் தேளும் தண்ணீருக்குத் தப்பி வீட்டுக்குள் வந்திருக்கும் என்பதால், துணி மூட்டையையும் விறகையும் கம்பால் தட்டிய பிறகே கையால் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஆற்றைப் பாருங்கள். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அங்கே 24 மணி நேரத்தில் 46 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. காற்று ஓய்ந்ததே என்று கடலூரில் பெருமூச்சு விட்டபோது, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் டிசம்பர் 2-ஆம் தேதி தென்பெண்ணையில் பெருகி, கரையோரத் தெருக்களுக்குள் புகுந்தது. கடலைப் பார்த்தே பழகிய குப்பத்துக் கண்ணுக்குப் பின்னாலிருந்து வரும் வெள்ளம் தெரிவதில்லை. புயலுக்குப் பின் மூன்று நாளாவது, பரணில் ஏற்றியதைக் கீழே இறக்காமல் இருங்கள்.

தண்ணீர்

அரிசியை யாராவது கொண்டுவந்துவிடுவார்கள். தண்ணீர்தான் பிரச்சினை. குப்பத்து உறைக்கிணற்றில் கடல்நீர் புகுந்துவிட்டால், மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இறைத்துக் காலி செய்யத் தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறி, மாதக்கணக்கில் கிணறு கெட்டுப்போகும். மிதக்கும் குப்பையை அள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, மழைநீர் இறங்கித் தெளியக் காத்திருக்க வேண்டும்.

கிருமி நீக்கத்துக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் கணக்கைப் பலரும் கையளவில் போடுகிறார்கள். கணக்கு எளிது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஒரு மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால், ஏறக்குறைய 2,350 லிட்டர் இருக்கும். நல்ல தரமான பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற வழக்கமான அளவில் இதற்கு 6 கிராம் போதும். ஆனால் வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது; முதல் முறை சுகாதார ஆய்வாளரை வரவழைத்து, சோதித்துப் பார்த்து அவர் சொல்லும் அளவைப் போட்டுவிட்டு, பிறகு இந்தக் கணக்கில் தொடருங்கள். பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டக் கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை வெளியே கொட்டிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழியும்வரை யாரும் இறைக்கக் கூடாது. இரவு படுக்கும் முன் போடுவது வசதி. திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது.

குடிப்பதற்கு இதன் பிறகும் கொதிக்க வைத்த தண்ணீரே நல்லது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைக்கலாம். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். ஜெபித்து எண்ணெய் தடவுவதோடு நிறுத்திவிடாமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

சபைக் கட்டடமும் உங்கள் வீடும்

புயலுக்கு முந்தைய இரவே சபைக் கட்டடத்தின் சாவியை ஊர்த் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். தட்டுபவர் யார் என்று பார்த்துத் திறக்கும் கதவு, அந்த இரவுக்கு உதவாது. ஆனால் வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். இதைக் கேட்டு எங்கள் மூப்பர் ஒருவர் முகம் சுளித்தார். தானே சமயத்தில் நாங்கள் வீட்டையும் முழுவதுமாகத் திறந்துவிட்டோம். நான்காம் நாள் என் மூத்தவன் தன் பள்ளிக்கூடப் பையைக் காணாமல் ஓரமாக உட்கார்ந்து அழுததை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வீட்டில் ஓர் அறை, அது எவ்வளவு சிறியதாயினும், எங்கள் நால்வருக்கு மட்டும் உரியது. அதில் பிள்ளைகளின் புத்தகமும், மாற்றுத் துணியும், சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் பெட்டியும், இரண்டு நாளைக்கான அரிசியும் இருக்கும். அந்த அரிசியை எந்த நிலையிலும் பொதுப் பானையில் போடுவதில்லை. பிள்ளைகள் பசித்திருக்க நாம் ஊருக்கு ஊற்றும் கஞ்சியைப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் மறப்பதில்லை; இதை வளர்ந்த ஊழியக்காரர் பிள்ளைகள் பலர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

பொதுச் சமையலை வீட்டு அடுப்பில் செய்ய வேண்டாம். எரிவாயு உருளை இரண்டு நாளில் தீரும். அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தானேயில் விழுந்த சவுக்கு மரங்கள் விறகாயின. ஈர விறகு புகைந்ததில் கண் எரிந்தாலும் அடுப்பு அணையவில்லை. விழுந்த மரத்துக்கும் உடைமைக்காரர் உண்டு என்பதால், கேட்டு எடுங்கள். எங்களிடம் பெரிய பாத்திரம் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தார் அம்மன் கோயில் திருவிழா அண்டாவை எடுத்துக் கொடுத்தார்கள். முதல் ஐந்து நாள் அந்த அண்டாவில்தான் கஞ்சி கொதித்தது. கோயில் மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் சபைக் கட்டடத்தில் இருந்தவர்களுக்கும் ஒரே சமையலாக வைத்துக்கொண்டதில் விறகும் மிச்சம், மனஸ்தாபமும் இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது அண்டாவைப் புளி போட்டுத் துலக்கிக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

கழிப்பறையைப் பற்றி ஆண்கள் நடத்தும் கூட்டங்களில் பேச்சு எழாது. நீங்கள் எழுப்புங்கள். குப்பத்துப் பெண்களுக்கு இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் துன்பம் சாதாரண நாளிலேயே உண்டு. சவுக்குத் தோப்பு சாய்ந்துவிட்ட பிறகு மறைவும் இல்லை. சபைக் கழிப்பறையைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, விளக்கு ஒன்றும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பட்டியல் எழுதும் கை

ஊழியக் குடும்பத்தால் குப்பத்துக்குச் செய்ய முடிந்தவற்றில் மிகவும் பயனுள்ளது, அரிசி கொடுப்பதைக் காட்டிலும் மனு எழுதிக் கொடுப்பதுதான் என்பது என் கருத்து. குடும்ப அட்டை நனைந்துபோனவர், ஆதார் தொலைத்தவர், படகுச் சேதத்துக்கு மீன்வளத்துறைக்கு எழுத வேண்டியவர் எனத் திண்ணையில் வரிசை நிற்கும். கார்பன் தாள் வைத்து இரண்டு படி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிவரச் சொல்லுங்கள்.

உதவிப் பொருள் வரும்போது எந்தப் பட்டியலை வைத்துக் கொடுப்பது என்ற கேள்வி வரும். மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுப் பட்டியல் தயாராக இருக்கும். வரி கொடுக்கும் குடும்பங்களை அது ஒழுங்காகச் சொல்லும். அதைப் புறக்கணித்துவிட்டு நாமே ஒரு பட்டியல் எழுதினால் ஊரைப் பகைத்துக்கொள்வோம். அதை மட்டுமே நம்பினால் சிலரை விட்டுவிடுவோம். ஆண் துணை இல்லாத கைம்பெண்கள், மகன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் முதியோர், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஆகியோர் தலைக்கட்டில் விடுபடலாம். குப்பத்துக்கு மேற்கே உள்ள காலனிக் குடும்பங்களும், பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்துக் கழிமுகங்களில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும் அதில் இருக்கவே மாட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு உதவி வாகனங்கள் கடற்கரையை மட்டும் நோக்கி ஓடியதில், இவர்கள் பின்னால் நின்றதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். நாங்கள் செய்வது இது: தலைவரிடம் தலைக்கட்டுப் பட்டியலை மரியாதையாகக் கேட்டு வாங்கி, அதற்கு அடியில் கோடு போட்டு, ‘பட்டியலில் வராதவர்கள்’ என்று பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி, அந்த முழுத் தாளையும் தலைவரிடமே காட்டிக் கையொப்பம் வாங்குகிறோம். முதல் முறை இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது; மூன்றாவது புயலில் அவராகவே, கோட்டுக்குக் கீழே யார் யார் என்று கேட்டார்.

என்ன வேண்டும் என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால் தெளிவாகச் சொல்லுங்கள்: தார்ப்பாய், நைலான் கயிறு, பாய், கைலி, உள்ளாடை, நாப்கின், கொசுவலை, டார்ச், மூடியுள்ள குடம். சொல்லாமல் விட்டால் பழந்துணி வரும். ஓர் அமைப்பினர் லாரி நிறையப் பழந்துணியைக் கொண்டுவந்து சாலையோரம் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் கம்பளிச் சட்டைகளும் ஒற்றைக் காலுறைகளும் இருந்தன. மழையில் ஊறிய அந்த மூட்டைகளை அப்புறப்படுத்த எங்கள் வாலிபர்களுக்கு இரண்டு நாள் ஆனது.

பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டவரோ வெளிநாட்டுச் சபையோ நிவாரணத்துக்கு என்று அனுப்பும் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றிவிடவும் கூடாது. அவசரத்தில் செய்த நல்ல காரியம் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. உள்ளூர்க் காணிக்கைக்கும் தனி நோட்டு வைத்து, வரவு செலவை வாரம் ஒரு முறை சபைக் கதவில் ஒட்டுங்கள்.

அரிசியும் ஜெபமும்

இரண்டையும் ஒரே கையால் கொடுக்காதீர்கள். பொருள் கொடுக்கும் இடத்தில் துண்டுப்பிரதி வேண்டாம், பாட்டு வேண்டாம், வாங்குபவரை நிறுத்திப் படமும் வேண்டாம். பசியோடு நிற்பவர் எதற்கும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை ஊழியத்தின் பலனாக எண்ணி அறிக்கை அனுப்புவது அவருக்கும் நேர்மையில்லை, நமக்கும் இல்லை. ஜெபிக்கச் சொல்லி ஒருவர் கேட்டால், அன்று மாலை அவர் வீட்டுக்கே போங்கள். 2011 டிசம்பர் 31 இரவு எங்களுக்குப் புத்தாண்டு ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லை, அது திரும்பி வரப் பல கிராமங்களில் வாரக்கணக்காயிற்று. உள்ளே சபையைச் சேராத குடும்பங்கள் குழந்தைகளோடு உறங்கிக்கொண்டிருந்தன. அவர்களை எழுப்பாமல், நாங்கள் பதினான்கு பேர் வெளியே மணலில் ஓர் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பாடி முடித்தோம்.

பிள்ளைகளும் நீங்களும்

புயலுக்குப் பிறகு பல மாதங்கள் என் சின்னவள் காற்றுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். விசுவாசம் எங்கே என்று கேட்டுப் பெரியவர்கள் சிலர் அவளை வெட்கப்படுத்தினார்கள், அது கெடுதல். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தளர்ந்த ஷீட்டைக் காட்டி, அவள் கையாலேயே கல் வைக்கச் சொன்னோம். பள்ளி திறக்காவிட்டாலும் காலையில் தலை வாரி, ஒரு மணி நேரம் புத்தகத்தோடு உட்காரவைப்பது நல்லது, தெருப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள்.

கணவரும் மனைவியும் ஒரே நாளில் களைத்து விழாதபடி முறை வைத்துக்கொள்ளுங்கள். இராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு, உயிர் போகும் அவசரம் தவிர வேறு எதற்கும் ஒருவர் மட்டுமே எழுந்து போவது என்று நாங்கள் பேசிவைத்திருக்கிறோம். கடலுக்குப் போகாமல் முடங்கிய ஆண்கள் குடிப்பதும், வீடுகளில் அடி விழுவதும் இரண்டாம் வாரத்தில் தொடங்கும். இரவில் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தால், அவளைத் திருப்பி அனுப்பாமல் படுக்க இடம் கொடுத்துவிட்டு, விடிந்த பிறகு ஊர்ப் பெரிய பெண்களோடு சேர்ந்து பேசுங்கள்.

படகுகள் மீண்டும் கடலுக்குள் இறங்கி, முதல் மீன் கரைக்கு வந்த நாளோடு பொதுச் சமையலை நிறுத்திவிடலாம். அதற்கு மேல் நடத்தினால் உழைக்கிறவரைக் கையேந்த வைப்பதாகும். அதன் பிறகு ஒரு வாரம் உங்கள் தாய்வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ பிள்ளைகளோடு போய்வாருங்கள். போகும் முன் ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டு, திரும்பும் தேதியையும் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் ஓடிவிட்டார்கள் என்று பேச்சு எழும். கிணற்றுக்கு மருந்து போட வரும் சுகாதார ஊழியருக்கு வாசல் திறந்துவிட ஆள் வேண்டும் என்பதால், வீட்டுச் சாவியை எதிர்வீட்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.